அமுதா மேடம் டிக் போடாத கட்டம்

சனிக்கிழமை காலை கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் முதல்வர் இரண்டு வரி போட்டிருந்தார். வேதியியல் பேராசிரியர் அமுதா மாரடைப்பால் காலமானார். அதன் கீழே கைகூப்பிய படங்கள். ஐந்தாவது செய்தி, திங்கட்கிழமை அவருடைய வகுப்பை யார் எடுப்பது என்று கேட்டது. துறைத் தலைவர் என்ற முறையில் அதைக் கேட்டவன் நான்தான்.

அமுதா மேடம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வளர்ந்தவர். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். எங்கள் கல்லூரியிலேயே படிக்க வந்தபோது நேர்காணலில், "வியாசர்பாடியா, பாக்ஸிங் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். "கெமிஸ்ட்ரி தெரியும் சார்" என்றாராம். பின்னாளில் ஆசிரியராக வந்ததும், சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் ஆண்டுதோறும் அவர் படத்தைப் போட்டு, 'இங்கே எல்லாருக்கும் இடமுண்டு' என்று அச்சடித்தார்கள்.

சேர்க்கைக் குழுவில் நாங்கள் இருவரும் இருந்தோம். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. "இது புள்ளைங்க வாங்குன மார்க் இல்ல சார், அப்பா அம்மா வாங்குனது" என்று மேடம் ஒவ்வோர் ஆண்டும் எதிர்ப்பார். ஒருமுறை ஓர் உறுப்பினர் கேட்டார்: "தகுதி தகுதிங்கிறீங்களே மேடம், நீங்க எப்படி உள்ள வந்தீங்க?"

கோபமோ வருத்தமோ வந்தால் மட்டும் அவர் பேச்சில் வியாசர்பாடி வெளியே வரும். "மார்க் லிஸ்ட் வூட்ல கீது. எட்த்துகினு வரட்டா?"

நான் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவும் அதே கல்லூரியில் படித்தவர், நானும்.

மூன்றாண்டுகளுக்கு முன் அவர் மகள் மித்ரா விண்ணப்பித்தார். என் மகனும் விண்ணப்பித்ததால் இருவருமே அந்த ஆண்டு குழுவிலிருந்து விலகியிருந்தோம். 'பெற்றோர் பழைய மாணவரா?' என்ற கட்டத்தை மேடம் காலியாக விட்டிருந்தார்.

"ஒரு டிக்தானே மேடம்" என்றேன்.

"இத்தினி வருஷம் கத்திட்டு, என் பொண்ணுன்னா மட்டும் போடவா சார்?"

பட்டியல் வந்தது. ஒரே ஓர் இட வித்தியாசத்தில் மித்ராவுக்குக் கிடைக்காமல் போனது. கடைசிப் பெயர் என் மகனுடையது. மதிப்பெண் மித்ராவைவிடக் குறைவு. கட்டத்தில் டிக் இருந்தது. ஆசிரியர் அறைக்கு நான் இனிப்பு கொண்டுபோனேன். மேடம் ஒன்று எடுத்துக்கொண்டார். "நல்லா படிக்கட்டும் சார்."

மித்ரா வேறு கல்லூரிக்குப் போனார். ஒருநாள் ஆய்வகத்தில் மேடம் சொன்னார்: "சோறு போட்டா துன்னுது சார். பேசத்தான் மாட்டேங்குது."

கடைசிவரை மித்ரா அம்மாவிடம் பேசவில்லை.

இறுதிச் சடங்கில், உடல் கிடத்தியிருந்த அறையிலேயே முதல்வர் மித்ராவிடம், "அம்மா நினைவா நம்ம காலேஜ்ல எம்.எஸ்சி. சீட் தர்றோம்மா" என்றார். மறுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"எப்ப சேரணும் சார்?" என்று கேட்டார் மித்ரா. பிறகு என்னிடம் திரும்பினார்.

"அம்மா இருந்தா வேணாம்னு சொல்லிருக்கும். எனக்கு வேணும். உங்க பையன் இப்ப இன்னா பண்றாரு சார்?"

"ரெண்டாவது வருஷமே விட்டுட்டாம்மா."

"அந்த சீட்டு?"

"காலியாத்தான் இருந்துச்சு."

மித்ரா தலையசைத்துவிட்டு, அம்மாவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினார்.

மேடம் வீட்டு மாடிப்படி குறுகல். பாடையைச் சாய்த்து, ஏறக்குறைய நிற்கவைத்தபடி இறக்கினார்கள். நானும் கை நீட்டினேன். "நவுருங்க சார், நாங்க பாத்துக்கிறோம்" என்றார் ஒருவர்.

நகர்ந்து, சுவரோடு ஒட்டி நின்றேன். உங்களிடம் மன்னிப்புக் கேட்க மூன்று வருடம் தினமும் எனக்கு நேரம் இருந்தது, மேடம். போய் வாருங்கள்.