கேக்காம நேர்ந்த முடி

கஜபதி மெக்கானிக்குக்கு தலைல முடி கெடையாது. இதை மொதல்லயே சொல்லிரணும். கல்யாணமான புதுசுலயே கொட்டிப்போச்சி. காதுக்கு மேல ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஒட்டிகினு கீது, அவ்ளோதான். திருத்தணில பொறந்தவன், மொட்டை போட்டுக்க முடி இல்லாத ஆளு. ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அரக்கோணம் ரோட்டுல அவன் ஷெட்டு. டிராக்டரு, லோடு வண்டி, கலெக்டர் ஆபீஸ் ஜீப்பு, எது வந்தாலும் பாப்பான். அவனைப் பத்தி ஊர்ல பேசறது ஒண்ணே ஒண்ணு: ஓனரைக் கேக்காம ஒரு போல்ட்டு கழட்டமாட்டான். பெல்ட்டு தேஞ்சிட்ச்சா, போன் போடுவான். கழட்டட்டுமாங்கன்னு கேப்பான். நீயே பாத்து பண்ணுன்னு சொல்றவங்ககிட்ட கூட, இல்லீங்க, வாயால சொல்லுங்கன்னு நிப்பான். வண்டி அடுத்தவன்து, கை மட்டும்தான் நம்மள்துன்றது அவன் கட்சி. கூலிக்கு வேலை செய்றவங்க பல பேருக்கு இருக்கற நேர்மை இது. மொதலாளிங்ககிட்ட தேடினாலும் கெடைக்காது.

அவன் தங்கச்சி புஷ்பலதா. கட்டிக் குடுத்த எடம் சரியில்ல, ஒதைக்கு பயந்து திரும்பி வந்துட்டா. வந்தவ மூலைல குந்தி அழல. அண்ணன் ஷெட்டுல கெடந்த பழைய லோடு வேனை எடுத்தா. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரங்களோட லுங்கி மூட்டைங்களை சென்னைக்கு ஏத்திகினு போக ஆரம்பிச்சா. மூட்டை ஒசரமா அடுக்கின வேனு வளைவுல லேசா சாயும். வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை மிதிச்சிட்டு, வளைவு ஆரம்பிக்கும்போது காலை மெதுவா எடுத்துடணும். பேராசை புடிச்சி வேகமா நுழைஞ்சி நடு வளைவுல பிரேக்கு போட்டவன் லுங்கிங்களோட பள்ளத்துல கெடப்பான். புஷ்பலதா ஒரு நாளும் கவுந்ததில்ல.

விஜயன்னு சென்னைக்காரரு ஒருத்தர் திருப்பதி போற வழில அவரோட ஸ்போர்ட்ஸ் காரு நின்னுபோயி, கஜபதி ஷெட்டுக்கு இழுத்துகினு வந்தாங்க. சிகப்பு காரு. ரெண்டு பேரு குந்தலாம், மூணாவது ஆளு வேணும்னா ஓடி வரணும். கஜபதி பாத்த வேலை அவருக்கு புடிச்சிப்போச்சி. அதுல இருந்து ட்ராக் டேவுக்கு காரை ரெடி பண்றது கஜபதி வேலை ஆச்சி.

ட்ராக் டேன்னா பந்தயம் இல்ல. வேகமா ஓட்றதுக்குன்னே வளைச்சி வளைச்சி போட்டு வெச்ச ரோட்டுல, காசு கட்டி அவங்கவங்க காரை ஒரு நாள் பூரா ஓட்டிப் பாக்கறது. எதிர்ல லாரி வராது, எருமை வராது. ஆனா ஊர்ல ஓட்ற காரை அப்படியே அங்க எடுத்துகினு போனா தாங்காது. பிரேக்கு ஆயிலு கொதிச்சிப்போயி, மிதிச்சா பெடலு தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது. அதனால பழைய ஆயிலை முழுசா எறக்கி வேற ஊத்தணும், பிரேக்கு கட்டையை மாத்தணும், சக்கரத்து நட்டு ஒவ்வொண்ணையும் அளவு பாத்து முறுக்கணும், காருக்குள்ள ஆடற பொருள் ஒரு பேனா மூடி கூட இல்லாம தொடைச்சி எடுக்கணும். ஆடற சாமான் எதுவும் ட்ராக்குக்கு ஆவாதுன்றதை கஜபதி பாடமா சொல்வான். இதை ஞாபகம் வெச்சிக்குங்க.

ஒரு தரம் வேலை முடிஞ்ச காரை ஓட்டிப் பாக்க ஆளு இல்லாம புஷ்பலதா எடுத்துகினு போனா. விஜயன் பக்கத்து சீட்டுல குந்தினாரு. பள்ளிப்பட்டு ரோட்டு வளைவுங்களைத் தாண்டி திரும்பி வந்தவரு எறங்கி, மொதல்ல நாலு சக்கரத்தையும் தொட்டுப் பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, ரேஸ் டீமு ஒண்ணு காரு ஓட்ட ஒரு பொம்பளையைத் தேடிகினு கீது, அடுத்த ட்ராக் டேல வந்து பாத்து எடுத்துக்கப் போறாங்க, என் காரைக் குடுக்கறேன், உன் பேரை சொல்லிப் பாக்கறேன்னாரு. எடுத்துகிட்டா வருசம் பூரா அவங்க காரு, அவங்க செலவு, அதுவே வேலை. லுங்கி மூட்டைக்கு கும்புடு போட்டுரலாம்.

அதுல இருந்து காரு பாதி, அவ பாதின்னு ரெண்டையும் தயார் பண்ணாங்க. உச்சி வெயில்ல வேன் கண்ணாடியை ஏத்திவிட்டு, ட்ராக்குல போடற, பெரிய கோட்டு மாதிரி டிரஸ்ஸைப் போட்டுகினு உள்ள குந்துவா, சூடு பழகறதுக்கு. கழுத்துக்கு பலம் வரணும்னு சைக்கிள் டியூபை தலைல மாட்டி, கஜபதி சம்சாரம் வசந்தி ஒரு பக்கம் இழுப்பா, இவ விடாம நிப்பா. நாத்தனாரு கழுத்தை திருக நல்ல சாக்கு கெடைச்சிட்ச்சின்னு வசந்தி சொல்லிச் சிரிப்பா. குள்ளமான பொண்ணு, பெடலு எட்டல. சீட்டை முன்னாடி தள்ளி, முதுகுக்கு தனியா மெத்தை தைச்சி, கஜபதி அவளுக்குன்னே அளவு வெச்சான்.

ஹெல்மெட்டு விஜயன் வாங்கிக் குடுத்தாரு. புஷ்பலதா முடி அடர்த்தி. சடை இடுப்பைத் தாண்டும். கடைல ரெண்டு சடையா பின்னி, தலையைச் சுத்திப் படிய வெச்சி, துணி முகமூடி மாட்டி, அதுக்கு மேல போட்டுப் பாத்தாங்க. அசைச்சாலும் அசையல. அந்த சைஸை எடுத்தாங்க.

டீமுகிட்ட இருந்து பதிலு வரல. நாளு போய்கினே இருந்தது. கஜபதிக்கு சாப்பாடு எறங்கல. ஒரு நாள் காலைல ஷெட்டு வாசல்ல நின்னு மலையைப் பாத்தான். முருகா, என் தங்கச்சியைக் கூப்ட்டா அவ முடி உனக்குன்னு நேர்ந்துகினான். நாலு நாள்ல போன் வந்துட்ச்சி, வரச்சொல்லி.

வசந்திக்குதான் மொதல்ல சொன்னான். அவ அடுப்புகிட்ட இருந்து திரும்பிக்கூட பாக்கல.

"காணிக்கை குடுக்க உங்க தலைல ஒண்ணும் இல்லன்னு அவ தலையை நேர்ந்துகினீங்களா?"

புஷ்பலதா கேட்டுட்டு சடையை முன்னாடி எடுத்து மடில போட்டுகினா. ட்ராக் முடிஞ்சி வந்து குடுக்கறேன் அண்ணான்னா. கஜபதி ஒத்துக்கல. கேட்டதை சாமி குடுத்துட்ச்சி, பாக்கி வெச்சிகினு அவ்ளோ வேகத்துல போகக் கூடாது, ஏதாவது ஆச்சின்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்னான். உசுருன்ற வார்த்தையை எடுத்துட்டா அதுக்கு மேல ஒரு பொம்பளை என்ன பேசறது? அவ சடையை எடுத்து பின்னால போட்டுகினா.

போறதுக்கு மொத நாள் மலைக்குப் போயி குடுத்துட்டு வந்தாங்க. வழக்கப்படி தலை நெறைய சந்தனம் பூசிகினு வந்தா. ஹெல்மெட்டை ஒரு தரம் போட்டுப் பாக்கறேன்னு எடுத்தா. உள்ள சந்தனம் ஒட்டிக்கும், வெள்ளைத் துணி கறையாயிடும்னு கஜபதி வாங்கி பைல போட்டுக் கட்டிட்டான். சக்கரத்து நட்டை மட்டும் மறுபடி ஒரு தரம் முறுக்கிப் பாத்தான்.

காலைல ட்ராக்குல எறங்கறதுக்கு முன்னாடி காரை சோதிப்பாங்க. சோதனை அதிகாரி தீனதயாளன்னு ஒருத்தரு, கறாரான ஆளு. சக்கரத்தை ஆட்டினாரு, பிரேக்கை மிதிச்சாரு, குனிஞ்சி அடில பாத்தாரு. யாருங்க ரெடி பண்ணதுன்னு கேட்டாரு. கஜபதி கையைத் தூக்கினான். காலைல இருந்து பாத்ததுல இதுதான் சுத்தமா கீதுன்னாரு. கஜபதிக்கு காது வரைக்கும் சந்தோசம்.

அடுத்து புஷ்பலதாவை ஹெல்மெட்டு போடச் சொன்னாரு. தாடைப் பட்டையை இழுத்து இறுக்கினாரு. பின்னந்தலைல கையைக் குடுத்து முன்னாடி தள்ளினாரு. ஹெல்மெட்டு வழுக்கிகினு வந்து அவ கண்ணை மூடிட்ச்சி.

இன்னொரு தரம் தள்ளினாரு. இன்னொரு தரம் மூடிட்ச்சி.

கஜபதி தோள்ல இருந்த துண்டை எடுத்தான். மடிச்சி உள்ள வெச்சா சரியாயிடுங்கன்னான். தீனதயாளன் துண்டைப் பாத்தாரு.

"அண்ணே, இவ்ளோ சுத்தமா வேலை செஞ்சிகிறீங்க. பிரேக்குல துணியை வெச்சி அனுப்புவீங்களா?"

துண்டு கஜபதி கைலயே நின்னுட்ச்சி.

விஜயன் அங்க இங்க ஓடினாரு. வந்திருந்த பொம்பளைங்க ஒவ்வொருத்தரா அவங்க ஹெல்மெட்டைக் கழட்டிக் குடுத்தாங்க. ஒண்ணு பெருசு, இன்னொண்ணு இன்னும் பெருசு. மொட்டைத் தலைக்கு வேணும்ன்ற சைஸு யாருகிட்டயும் இல்ல. சென்னைல இருந்து கொண்டாரதுக்குள்ள டீமு ஆளுங்க கெளம்பிடுவாங்க. தப்பு யார்துன்னு யாரும் பேசல. பேசினா கூட தேவலைன்னு இருந்தது கஜபதிக்கு.

ஷாலினின்னு ஒரு பொண்ணு, அதே வாய்ப்புக்கு வந்தவ, அவ காரு மொத சுத்துலயே கியரு போயி ஓரமா நின்னுட்ச்சி. விஜயன் தயங்கித் தயங்கி புஷ்பலதாகிட்ட வந்தாரு. காரு சும்மாதானே நிக்குது, அந்தப் பொண்ணு கேக்குது, நீ வேணாம்னா வேணாம்னாரு. காருக்கு ஓனரு அவரு. அவரு கேட்டாரு. புஷ்பலதா தலையாட்டினா. அப்புறம் காரை சுத்தி வந்து அண்ணன் பக்கத்துல நின்னா.

"சீட்டை பின்னாடி தள்ளு அண்ணா. அவங்க ஒசரம்."

மண்டி போட்டு, அவளுக்குன்னு வெச்ச அளவை அவன் கையாலயே கலைச்சான். மெத்தையை எடுத்து வெளிய வெச்சான். அந்த மெத்தையை மடில வெச்சிகினு, சிமெண்டு சுவத்துகிட்ட குந்தி அண்ணனும் தங்கச்சியும் பாத்தாங்க. காரு ஒரு எடத்துலயும் சளைக்கல. பிரேக்கு கொதிக்கல. ஷாலினியும் நல்லாதான் ஓட்டினா, அதைச் சொல்லாம விடக் கூடாது. மூணாவது வளைவுல மட்டும் ஒவ்வொரு தரமும் பிரேக்கை லேட்டா விட்டா. புஷ்பலதா வலது கால் ஒவ்வொரு தரமும் தரைல இருந்து லேசா எழும்பிச்சி.

ஷாலினியை எடுத்துகினாங்க. அவ ஓடி வந்து புஷ்பலதா கையைப் புடிச்சிகினு அழுதா. இவ அழல. நல்லா ஓட்டினீங்கன்னு மட்டும் சொன்னா.

திரும்பி வரும்போது லோடு வேனை அவதான் ஓட்டினா. கஜபதி பக்கத்துல. மணவூர் கிட்ட ரயில் கேட்டு போட்டிருந்தது. இஞ்சினை நிறுத்தினா. தலைல இருந்த துணியை அவுத்து முகத்தைத் தொடைச்சா. காதோரம் காஞ்ச சந்தனம் இன்னும் கொஞ்சம் ஒட்டிகினு இருந்தது.

"அண்ணா, போல்ட்டு கழட்டறதுக்கு முன்னாடி ஓனரைக் கேப்பியே."

"ஆங்."

"என் முடிக்கு யாரு ஓனரு?"

அவ குரல்ல கோவம் இல்ல. நெஜமாவே தெரிஞ்சிக்க கேக்கற மாதிரி கேட்டா. கஜபதி வாயைத் தொறந்தான். அதுக்குள்ள ரயிலு வந்துட்ச்சி. நீளமான கூட்ஸு வண்டி. போய் முடியறவரைக்கும் அவ அவனையே பாத்துகினு இருந்தா. கேட்டைத் தூக்கினாங்க. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சான். அவ வண்டியை எடுத்தா.

அதுக்கப்புறம் அவ அதைக் கேக்கல. அந்த வருசமே விஜயன் காரை வித்துட்டாரு. டீமு அப்புறம் யாரையும் தேடல. புஷ்பலதா லுங்கி மூட்டை ஏத்திகினு போறா, வரா. முடி மறுபடி இடுப்புக்கு வந்துட்ச்சி. ஹெல்மெட்டு ஷெட்டு ஆணில தொங்குது. ஒரு நாள் வசந்தி கட்டாயப்படுத்தி, ரெண்டு சடையா பின்னிச் சுத்தி, அதை அவ தலைல போட்டு ஆட்டிப் பாத்தா. அசையல. இப்ப சரியா கீதேன்னா. புஷ்பலதா கழட்டி அதே ஆணில மாட்டிட்டு லோடுக்கு கெளம்பிட்டா.

கஜபதி இன்னிக்கும் ஓனரைக் கேட்டுதான் போல்ட்டு கழட்றான். கழட்டட்டுமாங்கன்னு போன்ல கேக்கும்போது புஷ்பலதா ஷெட்டுல இருந்தா மட்டும், போனை எடுத்துகினு ரோட்டுக்குப் போயி, லாரி சத்தத்துல நின்னு கேக்கறான்.