பச்சை பூத்த ரிலே

மீன் முதலாளியின் காருக்கு நான் சாரதியாகி ஒரு வாரம்தான். துறைமுக வீதியில் கார் நின்றுவிட, பக்கத்துக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கராஜ்காரர் எதையும் சோதிக்காமலே, "எஞ்சின் கொம்பியூட்டர் செத்துப்போச்சு. காரை விட்டுட்டுப் போங்கோ" என்றார். கார் இல்லாமல் போனால் என் வேலை போய்விடும். அவர்மேல் சந்தேகம் வந்தது. ரிலே என்ற சின்ன மின்சுவிட்சை மாற்றிப்போட்டுப் பழுது பார்ப்பதை, முன்பொரு கராஜில் எடுபிடியாக நின்றபோது கண்டிருந்தேன்.

"அண்ணை, கொம்பியூட்டருக்குக் கரண்ட் குடுக்கிற ரிலேயைக் கழட்டிப்போட்டு, ஹோர்ன் ரிலேயை அதில போடுங்கோ. ரெண்டும் ஒண்டுதானே."

"ஓம் எஞ்சினியர் ஐயா" என்று சிரித்தபடி மாற்றினார். எஞ்சின் உடனே இயங்கியது. ஹோர்ன் மட்டும் ஊமையானது.

கழற்றிய ரிலேயின் உலோகக் கால்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அவர் ரிலே இருந்த பெட்டிக்குள் விரலால் தடவி நாக்கில் வைத்தார்.

"உப்பு. எஞ்சினைக் கடல் தண்ணியால கழுவினது ஆர்?"

"முதலாளியா இருக்கும்" என்றேன். அந்த ஒரு வாரமும் வாளியால் அள்ளி ஊற்றியவன் நான்.

"அப்ப அவரையே கேப்பம்" என்று ரிலேயைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.