எதிர்வாக்கையும் ஏற்றிப்போன யோகண்ணை

சனிக்கிழமை காலை யோகண்ணையின் மகள் துஷா தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டார். செய்தி பாத்துக்கொண்டிருந்தவர், அப்பிடியே கதிரையிலை…" என்ன சொல்வதென்று தெரியாமல், "என்ன செய்தியம்மா?" என்று கேட்டுவிட்டேன். "வேறை என்ன, ஐரோப்பாதான்" என்றாள். அழுகைக்கு நடுவில் இருவரும் சிரித்துவிட்டோம்.

கிங்ஸ்பரித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டுத் தேநீர் அறையில் காத்திருந்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். ரொட்டர்டாமில் பதினைந்து வருடம் மின்வேலை செய்து, டச்சுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்தவர். பிரிட்டிஷ் அரசின் ஐரோப்பியக் கொள்கையை அவரைப்போலச் சுருக்கிச் சொன்னவர் யாருமில்லை. "யாவாரத்துக்கு ஓம். வரிக்கு ஏலாது. வெளிநாட்டுக் கொள்கைக்குப் பாப்பம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!"

நான் அரசின் பக்கம். "எங்கடை வரியை நாங்கள் தெரிஞ்செடுத்த ஆக்கள்தான் போடவேணும் அண்ணை. பிழை விட்டா அடுத்த தேர்தலிலை கலைக்கலாம்" என்பேன். "அப்ப வெளிநாட்டுக் கொள்கை? இருபத்தேழு நாடும் இருபத்தேழு வாயாலை கதைச்சா, எங்கடை சனத்தின்ரை கதை ஆருக்குக் கேக்கும்?" என்பார். ஊரில் போர் நடந்த இந்த 2009ஆம் வருடம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் குரலை உயர்த்துவேன். அவர் எனக்கு இன்னொரு வடை எடுத்துத் தருவார்.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாததால் இந்நாட்டுப் பொதுத்தேர்தலில் அவருக்கு வாக்கில்லை. ஜூன் மாத ஐரோப்பியத் தேர்தலில் உண்டு. ஐரோப்பாவோடு முழுதாகச் சேர்ந்து நிற்கவேண்டும் என்ற கட்சிக்குப் போடவேண்டுமென்று நாள் எண்ணிக்கொண்டிருந்தார். பிற ஐரோப்பிய நாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் அதற்குத் தனியாக ஒரு படிவம் அனுப்பவேண்டும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்து வந்த எங்கள் குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய் அதை நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

தேர்தலன்று கோட்டு சூட்டோடு போனவரை வாக்குச்சாவடியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் நிரப்பியவர் தன்னுடையதை அனுப்ப மறந்துவிட்டார். அது கையெழுத்தோடு அவருடைய வேலை வான் வண்டிக்குள்ளேயே கிடந்தது. வீட்டுக்கு வந்து குழந்தைபோல் அழுதார் என்று துஷா பிறகு சொன்னாள்.

அன்று மத்தியானம் என் வாசலில் அந்த வான் ஹோர்ன் அடித்தது. உள்ளே ஏற்கனவே மூன்று பேர். நடந்ததை அவரே சொல்லித் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "என்ரை வோட்டுப் போயிட்டுது. உம்மடையாவது போகாமல் பாப்பம், ஏறும்."

வேலைக் களைப்பில் நான் போவதாகவே இல்லை. "அண்ணை, நான் உங்களுக்கு எதிராத்தான் போடுவன்" என்றேன்.

"தெரியும். ஏறும். வோட்டுப் போடாமல் வந்து சனிக்கிழமை என்னோடை வாதாடேலாது."

திரும்பும் வழியில் யாருக்குப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. இனிக் கேட்கவே மாட்டார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனவே இந்த அஞ்சலிக் கூட்டத்தில் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். யோகண்ணை, எதிராகத்தான் போட்டேன். அடுத்த முறையும் அநேகமாக அப்படித்தான். ஆனால் அன்றைக்கு என் காரில் நான்கு இருக்கைகள் காலியாக இருக்கும். எனக்கு எதிராகப் போடுகிறவர்கள் முதலில் ஏறட்டும்.