வெள்ளிக்கிழமை சாம்பிள்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. பால் பாக்கெட்டைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். கும்மிடிப்பூண்டி கெமிக்கல் கம்பெனி ஒன்றின் லேபில் எனக்கு வேலை கிடைத்ததே அந்தக் குணத்தால்தான் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

நாங்கள் தயாரித்தது ஸ்டில்பீன். இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவில் ஓர் இரட்டைப் பிணைப்பு. வளையங்கள் எதிரெதிர்ப் பக்கம் நின்றால் டிரான்ஸ், வெள்ளைப் பொடி. ஒரே பக்கம் நின்றால் சிஸ், வெறும் எண்ணெய். அணுக்கள் என்னவோ அதேதான். சிஸ் கலந்தால் சரக்கு திரும்பி வந்துவிடும்.

மூன்று வாரமாக வெள்ளிக்கிழமை சாம்பிளில் மட்டும் சிஸ் தெரிந்தது. ரியாக்டரைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து ஊரான புதுவாயல்காரர், பல வருடக் கான்ட்ராக்ட் ஆள். பெர்மனென்ட் லிஸ்டில் அவர் பெயர் அப்போதுதான் ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் என்று ஷிஃப்ட் முடிந்ததும் பறப்பார். அந்த அவசரத்தில் பொடியைச் சரியாகக் கழுவாமல் விடுகிறார், எண்ணெய் ஒட்டிக்கொள்கிறது என்று முடிவு கட்டினேன். அவர் வணக்கம் சொன்னால்கூட எதையோ மறைக்கிறார் என்றே பட்டது. ஒரு வார்த்தை அவரிடம் கேட்கவில்லை. மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். லிஸ்டில் அவர் பெயரை அடித்துவிட்டு, ஆளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

அடுத்த வெள்ளி ரியாக்டரில் வேறு ஆள். மறுபடியும் சிஸ்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறென்ன மாறுகிறது என்று யோசித்தேன். வெள்ளிதோறும் லேபில் பூஜை போடுவது நான்தான். சாம்பிளைச் சோதிக்கும் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ. குங்குமப் பொடி விழக்கூடாதென்று, கரைத்து வைத்த சாம்பிள் பாட்டில்களைத் திறந்த ஜன்னல் விளிம்பில் நகர்த்துவேன். பழுப்பு பாட்டில் வரத்து குறைந்ததால், ஒரு மாதமாக எல்லாம் நிறமில்லாத வெள்ளைக் கண்ணாடி. சுண்டல் கொடுத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஒரே கரைசலை ஜன்னலில் ஒன்று, பழுப்பு பாட்டிலில் ஊற்றி அலமாரியில் ஒன்று என்று வைத்துப் பார்த்தேன். ஜன்னலில் இருந்ததில்தான் சிஸ். வெளிச்சம் டிரான்ஸைத் திருப்பிவிடும் என்று கல்லூரியில் நானே பரீட்சை எழுதியிருக்கிறேன்.

மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன். லிஸ்ட் ஹெட் ஆபீஸுக்குப் போய்விட்டது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்.

பேக்கிங்குக்குப் போய் அவரிடமும் சொன்னேன். மூட்டையின் வாயைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வெள்ளிக்கெழம மட்டும் நீங்க பாட்டில ஜன்னலாண்ட வெக்கிறத பாத்துக்கினுதான் மேடம் இருந்தேன். படிச்சவங்க, தெரிஞ்சுதான் வெக்கிறாங்கன்னு நம்பிட்டேன்."