அப்பாவின் சுருட்டும் தம்பியின் நுரையீரலும்

என் தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். தெருமுனை டீக்கடைக்காரர் என்னைக் காட்டி, "அண்ணாச்சி, உங்க தம்பிக்குச் சீனி கம்மியாவா?" என்று அவனிடம் கேட்பார். நான் திருத்துவதில்லை. ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

இருவருக்கும் தூத்துக்குடி ஹார்பரில்தான் வேலை. நான் ஆபீசில் விதிமுறைகளைக் காத்தேன். அவன் கப்பல் வந்து நிற்கும் பெர்த்தில் வடம் கட்டினான். ஒரே பெட்டிக்கடையில் ஒரே சிகரெட்டை வாங்கி, ஏறக்குறைய ஒரே அளவில் ஊதினோம். எனக்கு முடி நரைத்தது, அவ்வளவுதான். அவனுக்குக் கன்னம் ஒட்டி, தோல் சுருங்கி, மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று கடலை ரசிப்பதுபோல் நடிக்கும் நிலை. அவன் வீட்டு மாடிப்படியிலிருந்து கடல் தெரியாது.

நிறுத்தச் சொன்னால், அசைக்க முடியாத ஆதாரம் ஒன்றை எடுத்து வைப்பான்: அப்பா. கருப்பட்டி வியாபாரம் பார்த்த அப்பா, சுருட்டை வாயிலிருந்து எடுத்தது சாப்பிடவும் திட்டவும்தான். தொண்ணூறைத் தாண்டித் தூக்கத்தில் போனார்.

"நம்ம ரத்தம் புகைக்குப் பழகுன ரத்தம்ணே" என்பான், ஆராய்ச்சி செய்து முடித்தவன்போல.

மூச்சு வாங்குவது அதிகமானதும் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் எங்கள் பெண்பிள்ளைகள் வயதுப் பெண். குழாயில் ஊதச் சொல்லி, திரையில் வந்த கோட்டைப் பார்த்து முகம் சுளித்தார். தம்பி உடனே அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டான்.

"உங்க அப்பாவுக்கு நல்ல மரபணு அமைஞ்சிருக்கலாம் சார். புகையில இருக்கற விஷத்தை முறிக்கறதும், செல்லுக்குள்ள உடைஞ்சதைச் சரி பண்றதும் ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும். அவர்கிட்ட இருந்ததெல்லாம் அப்படியே உங்களுக்கு வராது. பாதி அம்மா வழி."

அம்மா வழியில், அம்மாவின் அண்ணன்மார் இருவரும் பீடி குடித்து, ஐம்பதுகளிலேயே இருமி இருமிப் போனவர்கள். அவர்களை உப்புக்காற்று கொன்றதாகத்தான் குடும்பத்தின் தீர்ப்பு. அப்பா என்றால் ஆதாரம்; மாமாக்கள் என்றால் வானிலை.

டாக்டர் விடவில்லை. குரோமோசோமின் நுனியில் ஒரு காப்பு உண்டாம். வயதாக ஆக அது தேயுமாம். புகை அதைச் சீக்கிரம் தேய்த்துவிடுமாம்.

"வடத்து நுனி பிரியாம இருக்கக் கட்டு போடுவோம்லா, அது மாதிரியா?" என்றான் தம்பி.

"அதேதான். இப்ப விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம். விடலைன்னா ஆக்சிஜன் சிலிண்டரோடதான் நடமாடணும்."

"எங்க அண்ணனும்தான் குடிக்கான். நல்லாத்தான இருக்கான்?"

"அவரையும் ஊதச் சொல்லுங்க."

ஊதினேன். என் கோடும் சட்டம் போட்டு மாட்டும்படி இல்லை.

"உங்களுக்கு மெதுவா நடக்குது. அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்: "நீ விடுதியா? அப்போ நானும் விடுதேன்."

"பார்ப்போம்" என்றேன். கோப்புகளைப் புதைக்க ஆபீசில் நாங்கள் பயன்படுத்திய சொல் அது.

அந்த வாரமே அப்பாவின் நினைவுநாள் வந்தது. படத்துக்கு முன் இலை போட்டு, அவருக்குப் பிடித்ததையெல்லாம் படைப்போம். கடைசியாகச் சுருட்டு. அதைப் பற்றவைத்து வைப்பது மூத்தவன் பொறுப்பு. கும்பிட்டு முடித்ததும் அண்ணனும் தம்பியும் அதைப் பங்கிட்டு இழுப்போம்.

இந்த முறை சுருட்டைப் பற்றவைக்காமல் இலையில் வைத்து, பக்கத்தில் தீப்பெட்டியை வைத்தேன்.

"என்ன அத்தான், பத்த வைக்கலையா?" என்றாள் தம்பி மனைவி.

"வேணும்னா அவரே பத்த வச்சுக்கிடட்டும். யாரு சொல்லி எதைக் கேட்டாரு, இதுக்கு மட்டும் நம்மள எதிர்பார்க்க?"

தம்பி சிரித்தான். சிரிப்பு இருமலாகி நீண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனை எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்தோம். இருமல் அடங்கியதும் அவன் என் சட்டைப்பையைக் காட்டினான்.

"அப்பாவுக்குச் சட்டம் போட்டாச்சு. இதுக்கு?"

என் சிகரெட் பாக்கெட்டை எடுத்து இலையில் வைத்தேன். அவனும் தன்னுடையதை வைத்தான். கும்பிட்டு முடித்ததும் மெல்லக் கேட்டான்: "படைச்சதைப் பங்கு வைக்கணும்லாண்ணே?"

"புகையிலைய மட்டும் திரும்ப எடுக்கக் கூடாதுலே. அதான் முறை."

"போன வருசம் எடுத்தமே?"

"அதுக்கப்புறம் திருத்தியாச்சு."

அப்படி ஒரு முறை எந்த ஊரிலும் கிடையாது. வேலைக்காலம் முழுக்க விதி சொல்லியே பிழைத்தவன் சொன்னதால், யார் திருத்தினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. தம்பி மனைவி மட்டும் ஒரு கணமும் தாமதிக்காமல் சுருட்டையும் இரண்டு பாக்கெட்டுகளையும் அள்ளிக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

படத்திலிருந்த அப்பா அதையும் ஏற்றுக்கொண்டார். அவர் உடம்புக்குத்தான் எதுவுமே ஒத்துக்கொள்ளுமே.