முறிந்த கையோடு அண்ணன் தள்ளிய கார்

அண்ணனின் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து இச்சிறு நினைவுப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் பலர், அண்ணன் காய்ச்சலில் காலமானார் என்றே கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சரியல்ல. உடனிருந்து கண்ட தங்கை நான் எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் குறிஞ்சிப்பிட்டியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவைக் கடல் கொண்டுபோனபின் சிலாபத்துக்கு வந்து, மோட்டார் பட்டறையில் வேலை பழகினார். பிறகு ஒரு தென்னந்தோட்ட முதலாளியிடம் சாரதியானார். அந்த வீட்டுக் குசினியில் எனக்கும் சமையல் வேலை வாங்கித் தந்தார்.

முதலாளியின் கார் பழையது. ஓடும்போது குறை தெரியாது. நின்ற இடத்தில் எஞ்சின் குலுங்கும். வேகம் குறைத்தால் அணைந்துவிடும். அண்ணன் பிளக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார்; எல்லாம் சரியாக இருந்தன. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரைக் கழுவிப் பூட்டியும் குலுக்கம் போகவில்லை. கடைசியில், காபரேட்டர் எஞ்சினோடு சேரும் பொருத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டார். குலுக்கம் சற்று அடங்கி, மறுபடி தொடங்கியது.

"தங்கச்சி, இதுக்குள்ளால காத்து இழுக்குது. நடுவில காத்துப் போகாம அடைச்சிருக்கிற காஸ்கெட் கிழிஞ்சு போச்சு. தடிச்ச அட்டை வெட்டி வச்சாலும் போதும்," என்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

முதலாளி நம்பவில்லை. மகளின் கலியாணம் நெருங்கியிருந்தது. அவருடைய மைத்துனர் வந்து, எஞ்சினுக்குள் தீப்பொறி நேரத்துக்கு முந்தி விழும்படி திருகிவிட்டார். எஞ்சின் விரைவாகச் சுற்றியது. குறை தீர்ந்தது என்றார்கள்.

மறுநாள் காலை, கலியாணத்துக்கு முந்தின விருந்துக்கு வந்தவர்கள் முன்னிலையில் முதலாளி காரை எடுக்கச் சொன்னார்.

"ஐயா, பொறியைப் பழையபடி வைக்காம ஹேண்டில் சுத்தினா எதிர்த்து அடிக்கும். கொஞ்ச நேரம் தாங்க."

"பயமோடா? அப்ப உன்ட தங்கச்சி சுத்தட்டும்," என்று குசினிப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிட்டார். விருந்தினர் சிரித்தார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நான் முற்றத்துக்கு வருவதற்குள் அண்ணன் காரின் முன்னே செருகிச் சுற்றும் ஹேண்டிலைப் பிடித்துவிட்டார்.

முதல் சுற்றிலேயே அது எதிர்த்து அடித்தது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. அண்ணன் மண்ணில் விழுந்தார்.

"மத்தக் கை இருக்குத்தானே? தள்ளு!" என்றார் முதலாளி.

தோட்டத்து ஆட்கள் இருவரோடு அண்ணன் தள்ளினார். எஞ்சின் ஓடத் தொடங்கிக் கார் போனது. பின்பக்கம் இரத்தம் பட்டதற்கும் பின்னர் ஏச்சு விழுந்தது.

விருந்துச் சமையல் முடியும்வரை என்னை விடவில்லை. மறுநாள்தான் மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அடுப்பை விட்டு அப்போதே ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை.

புண் சீழ் பிடித்து, ஒரு வாரத்தில் ரணஜன்னி கண்டு தாடை பூட்டிக்கொண்டது. அந்த நிலையில் முதலாளியின் ஆள் கட்டிலருகே வந்து, "கார் திரும்பவும் நிண்டுபோச்சு. என்ன குறையெண்டு ஐயா கேட்டுவரச் சொன்னார்," என்றான். அண்ணனால் வாய் திறக்க முடியவில்லை. என்னையே பார்த்தார். நான் காஸ்கெட்டைச் சொல்லிவிட்டேன்.

அண்ணனை அடக்கம் செய்த அதே வாரம் மணப்பெண் அந்தக் காரில் கோயிலுக்குப் போனாள். வழியில் ஒருமுறைகூட எஞ்சின் நிற்கவில்லை.

வண்டி தந்த அயலவருக்கும், இரவு பகலாகப் பார்த்த தாதிமாருக்கும், சவப்பெட்டி சுமந்த பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் நன்றி. முதலாளி வீட்டார் மலர்வளையம் அனுப்பினார்களே, அவர்களையும் சேர்த்து எழுது என்று மாமா சொன்னார். நான் எழுதவில்லை.