கேமராக்காவின் சொந்த ஸ்பெசிமன்

அந்த ஆஸ்பத்திரியின் நோய்க்குறியியல் கூடத்தில் அவளை எல்லாரும் கேமராக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனில் வெட்டியெடுத்த குடலோ கருப்பையோ சிறுநீரகமோ, எந்த ஸ்பெசிமன் வந்தாலும் டாக்டர்கள் அறுத்துச் சோதிப்பதற்கு முன்னும் பின்னும் அவள் படம் எடுத்தாக வேண்டும். கழுவி, ஈரத்தைத் தாளால் ஒற்றி, நீலப் பலகையில் கிடத்தி, பக்கத்தில் அளவுகோலும் நம்பர் சீட்டும் வைத்து, மேலே ஸ்டாண்டில் தொங்கும் கேமராவில் ஒரு 'டக்'. ஓரத்தில் ஒரு பொட்டு ஈரம் மின்னினாலும் விடமாட்டாள். ஒருநாள் ஒரு பித்தப்பையைப் போட்டு ஒற்று ஒற்றென்று ஒற்றிக்கொண்டிருந்தபோது, "என்னம்மா, பவுடரும் போட்டுவிடப் போறீங்களா?" என்று பெரிய டாக்டரே கேட்டுவிட்டார். "போட்டா என்ன? அதுக்கும் வாழ்க்கையில ஒரே ஒரு போட்டோதானே!" என்றாள். பதிலுக்குப் பதில் பேசாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அப்பேர்ப்பட்டவளுக்கே இடது மார்பில் புற்றுக்கட்டி வந்தது. அதே ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் நாத்தனார் வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள். நல்லவள்தான், ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவள். "வயித்துல ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கேன் அண்ணி. யார் கேட்டாலும் நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"ஏன், நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

"ஐயோ, மெதுவா பேசுங்க!"

"மெதுவா பேசற இடத்தையா வெட்டி எடுத்தாங்க? தொண்டை அப்படியேதான் இருக்கு."

அவள் கணவன் அடுப்படியில் திரும்பி நின்று, சிரிப்பதா அழுவதா தெரியாமல், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான்.

தையல் ஆறியது. இடது கை இன்னும் முழுசாக மேலே போகவில்லை. அதற்காகச் சும்மா வீட்டில் கிடப்பாளா? ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். போனால், அவளுடைய நாற்காலி படமெடுக்கும் அறையில் இல்லை. வாசலில், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் போட்டிருந்தார்கள். பெரிய டாக்டர் ஏற்பாடு.

"இனிமே அந்த ரூம் வேண்டாம்மா," என்றார் அவர், குரலைத் தணித்துக்கொண்டு. "அங்க தினமும் உங்களுக்கு வந்த மாதிரியேதான் வரும். பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போயிடும். இங்க வர்றவங்களுக்கு வழி சொல்லிட்டு நிம்மதியா இருங்க."

அவருக்குக் கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம், பரிதாபப்படுகிறவரை என்ன செய்வது? இன்றைக்கு அந்த மேஜையில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்க விடமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வியாதி ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது, போய்த் தொலையட்டும். இவர்கள் கருணை காட்டியே மிச்சத்தையும் பிடுங்கப் பார்க்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

"என்னோடது இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

ரிப்போர்ட் கொடுத்த பிறகும் கொஞ்ச நாளைக்கு மீதியைக் கெடாமலிருக்க ஃபார்மலின் வாளியில் போட்டு வைத்திருப்பார்கள். பெரிய டாக்டர் மேஜையிலிருந்த நோட்டைப் புரட்டினார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரின் கண் மட்டும் தன்னையறியாமல் உள்ளே அலமாரிப் பக்கம் போய்வந்தது. பாவம், வயதில் சின்னப் பெண், மறைக்கத் தெரியவில்லை.

"படம் யார் எடுத்தா?"

"நான்தாங்க்கா. போன்ல..."

வாங்கிப் பார்த்தாள். பாதிப் படம் பளபளவென்று வெளிச்சத்தில் போயிருந்தது. அளவுகோல் கோணல். மூலையில் கையுறை போட்ட கட்டைவிரல் வேறு.

"அடிப்பாவி! எனக்குப் பிடிக்காதவங்களோடதைக்கூட நான் இப்படி எடுத்ததில்லையே!" போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரிய டாக்டரைப் பார்த்தாள். "நானே எடுக்கறேன். ஒழுங்கா எடுத்தா ரூம் என்னுது. முடியலைன்னா ஒரு வார்த்தை பேசாம போய் அந்த மேஜையில உக்காந்துக்கறேன்."

"எதுக்கும்மா இந்த விஷப்பரீட்சை?"

"நீங்க வச்சதுதானே டாக்டர்? நான் எழுதறேன்."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் ஒற்றைக் காலில் நின்றாள். கடைசியில் படமெடுக்கும் அறையில் அவரும் சின்ன டாக்டரும் கதவோரம் நிற்க, அவள் கையுறை மாட்டிக்கொண்டு வாளியின் மூடியைத் திறந்தாள். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது.

வெளியே எடுத்தபோது பயம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. சண்டை போட்டுப் பிரிந்துபோன தங்கையைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது. சாம்பல் நிறமாகி, விறைத்து, ஆனாலும் தன்னுடையதுதான் என்று உடனே தெரிந்தது. காம்புக்குப் பக்கத்தில் அந்த மச்சம்கூட அப்படியே இருந்தது. பின்பக்கம் அடுக்கடுக்காக அறுத்திருந்தார்கள், முன்பக்கத் தோல்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது. தண்ணீரில் அலசினாள். ஒற்றினாள். பலகையில் கிடத்தி, அளவுகோல் வைத்து, நம்பர் வைத்து, கேமராவின் திரையைப் பார்த்தாள். நிமிர்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அக்கா..." சின்ன டாக்டர் தயங்கினாள். "தலைகீழா இருக்கு."

எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் அக்குள் என்று தெரிவதற்காக ஆபரேஷன் செய்தவர் இரண்டு நூல் போட்டு அனுப்புவார். குட்டை நூல் மேல்பக்கம், நெட்டை நூல் அக்குள் பக்கம். நோயாளி நம் எதிரே நிற்கிற மாதிரி வைத்து எடுப்பதுதான் முறை. கேமராக்கா தூக்கத்தில்கூடத் தப்பாக வைக்கமாட்டாள். இப்போதோ பலகையின் மேல்பக்கம் இருக்க வேண்டிய குட்டை நூல், இந்தப் பக்கம் நின்ற அவள் வயிற்றை ஒட்டிக் கிடந்தது.

"போதும்மா," என்றார் பெரிய டாக்டர் உள்ளே வந்து. "இதுக்குத்தான் சொன்னேன். மூடி வச்சிட்டு வாங்க."

அவள் இரண்டு நூலையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். தன் கை எப்படித் தப்பும்? பலகையைக் குனிந்து பார்த்தாள். அப்படிக் குனிந்த வாக்கிலேயே பொறி தட்டியது.

"தலைகீழ் இல்ல டாக்டர்," என்றாள். "எதிர்ல நின்னு பார்த்தவங்களுக்குத்தான் தலைகீழ். நான் இதை என்னைக்கு எதிர்ல நின்னு பார்த்தேன்? குளிக்கறப்போ, பட்டன் போடறப்போ, என் புள்ளைக்குப் பால் குடுக்கறப்போ, மேலேருந்து இப்படிக் குனிஞ்சுதானே பார்த்திருக்கேன்? எனக்கு இதுதான் நேர். கொஞ்சம் தள்ளுங்க, நிழல் விழுது. முதல்ல எனக்கு ஒண்ணு."

'டக்'.

பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, குட்டை நூல் மேலே வரும்படி திருப்பி வைத்தாள். சிந்தியிருந்த ஒரு சொட்டை ஒற்றினாள். அளவுகோலை நேராக்கினாள். "இது உங்களுக்கு."

'டக்'.

பெரிய டாக்டர் திரையைப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். "கண்ணைத் துடைச்சுக்கோங்கம்மா," என்றார் மெதுவாக.

"எப்படித் துடைக்கறது, கையெல்லாம் ஃபார்மலின். அழறேன்தான். அதுக்கென்ன இப்போ? கண்ணு அதுபாட்டுக்கு அழட்டும், கை வேலை செய்யுதா இல்லையா பாருங்க." தன்னுடையதை வாளியில் இறக்கி, மூடியை அழுத்தி மூடினாள். "அடுத்தது என்ன வந்திருக்கு?"

பெரிய டாக்டரே போய் எடுத்துக்கொண்டு வந்தார்.